கேனன்பால் வண்டிக்காரர்களிடம் அப்பாவை எப்படிப் பேச வைப்பது?

அயோவா மகள் (கேள்வி, செப்டம்பர் 2018):

வணக்கம். பழங்கால மோட்டார்சைக்கிள்களில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் 'மோட்டார்சைக்கிள் கேனன்பால்' ஓட்டம் இந்த மாதம் எங்கள் மாநிலம் வழியாகப் போகிறது. மெயின் மாநிலத்துப் போர்ட்லேண்டில் கிளம்பி ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லேண்டில் முடிக்கிறார்கள். 1928-லோ அதற்கு முன்போ செய்த வண்டிகள் மட்டும்தானாம்.

மதுரையிலிருந்து அப்பா வந்திருக்கிறார். 31 வருஷம் ஒரே புல்லட்டை ஓட்டியவர். மூன்று வாரமாகப் பால்கனியில் உட்கார்ந்து, கீழே போகிற கார்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். அவர்கள் இரவு தங்கும் இடத்துக்கு அழைத்துப் போகலாம் என்று ஆசை. பக்கத்தில் விடுவார்களா? அப்பாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் புரியும், பேச வராது. எனக்கு வண்டியே தெரியாது. நாளெல்லாம் ஓட்டிக் களைத்து வருகிறவர்கள் முன்னால் போய் நின்றால் எரிச்சல்படுவார்களோ?

கன்சாஸ் காற்றாலை:

தாராளமாகப் போங்கள் தங்கச்சி. 2016-ல் டாட்ஜ் சிட்டியில் இவர்களைப் பார்த்தேன். அந்த வருஷம் 1916-க்குப் பிந்திய வண்டிக்கு இடமே இல்லை. அட்லாண்டிக் சிட்டியிலிருந்து கலிபோர்னியாவில் கார்ல்ஸ்பாட் வரை, கண்டத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. சிலதில் கியரே கிடையாது. அதை வைத்துக்கொண்டு மலை ஏறுகிறார்கள்!

காலையில் மட்டும் போகாதீர்கள். ஜிபிஎஸ் கூடாது என்பதால், அன்றைய வழியை அச்சடித்த காகிதத்தைச் சுருட்டி ஹேண்டில்பாரில் மாட்டுகிற அவசரத்தில் இருப்பார்கள். சாயங்காலம் ஹோட்டல் பார்க்கிங்குக்குப் போங்கள். அப்பாவுக்கு அது பட்டறைத் தெரு மாதிரி இருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் கீழே ஒரு அட்டையோ தட்டோ வைத்திருப்பார்கள். அந்தக் காலத்து இன்ஜின் பலவற்றில் உள்ளே போன ஆயில் திரும்ப டேங்குக்கு வராது. கொஞ்சம் எரியும், மீதி ரோட்டுக்கும் ஓட்டுகிறவர் பேன்ட்டுக்கும்.

நான் முதல் கால் மணி நேரம் சும்மா சுற்றினேன். "அழகான வண்டி" என்று நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேரும் நன்றி சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்கள். ஐந்தாவது ஆளிடம் "இன்றைக்கு என்ன உடைந்தது?" என்று கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் மலர்ந்துவிட்டார். ஆயில் போகிற செம்புக் குழாய், அதிர்ந்து அதிர்ந்து மூட்டில் விரிசல் விட்டிருந்தது. பற்றவைக்க வேண்டும், அவருடைய கேஸ் டார்ச் தீர்ந்திருந்தது. என் வீட்டில் தண்ணீர்க் குழாய் வேலைக்கு வாங்கியது ஒன்று கிடந்தது, ஓடிப்போய் எடுத்து வந்தேன். அப்புறம் இரவு பதினொன்றரை வரை வெளிச்சம் பிடித்தது நான்தான். சின்ன வயதில் அப்பாவுக்கு டார்ச் லைட் பிடித்து, "எங்கடா பாக்குற, இங்க காட்டு" என்று திட்டு வாங்கியவன். அந்தப் பயிற்சி கன்சாஸில் உதவியது. அவரும் அதையேதான் இங்கிலீஷில் சொன்னார்.

உங்கள் அப்பாவுக்குப் பேச்சு தேவைப்படாது. கையில் ஒரு டார்ச் லைட் கொடுத்து அனுப்புங்கள்.

பழைய ஜாவா:

மேலே அண்ணன் சொன்னது சரி. இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். டேங்கில் கை வைக்கக்கூடாது, சிலது ஒரிஜினல் பெயின்ட். விலையும் கேட்காதீர்கள், நம் ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

பெயர் வந்த கதையை அப்பாவுக்குச் சொல்லி வையுங்கள். 1914-ல் எர்வின் பேக்கர் என்பவர் 'இந்தியன்' என்ற அமெரிக்கக் கம்பெனி மோட்டார்சைக்கிளில் சான் டியேகோவிலிருந்து நியூயார்க்குக்குப் பதினொன்றரை நாளில் போனார். அவருக்குத்தான் அப்புறம் 'கேனன்பால்', அதாவது பீரங்கிக் குண்டு, என்று பட்டப்பெயர் விழுந்தது. பாதி தூரம் ரோடு என்றே சொல்ல முடியாது, மண்ணும் மணலும்தான்.

அயோவா மகள்:

போய்வந்துவிட்டோம். டார்ச் வாங்க மறந்துவிட்டேன், என் ஃபோனைக் கொடுத்தேன்.

ஒருவர் ஹார்லி பக்கத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அண்ணா சொன்ன கேள்வியை நான் கேட்டேன். அவர் "மேக்னெட்டோ" என்றார், இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பாகமாம். அந்த ஒரு சொல் அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. கீழே உட்கார்ந்துவிட்டார், முட்டி வலி ஞாபகமே இல்லை. அவர் மூடியைக் கழற்றியதும் அப்பா பாக்கெட்டிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, உள்ளே தொட்டுத் தொட்டு விலகுகிற இரண்டு பாயிண்டுக்கும் நடுவில் விட்டு, அழுக்கைத் துடைத்து இழுத்துக் காட்டினார். கார்டில் கருப்புக் கோடு விழுந்தது. அந்த மனிதர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் பர்ஸிலிருந்து அதே மாதிரி அழுக்குக் கோடு போட்ட இன்னொரு கார்டை எடுத்து நீட்டினார். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வண்டிக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

அப்பா புல்லட்டில் ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக் கிக்கர் மிதிப்பதை நடித்துக் காட்டினார். அவர் தன் வண்டியை எப்படி உயிர்ப்பிப்பது என்று காட்டினார். நான் அங்கே எதற்கு என்றே தெரியவில்லை.

ஃபோட்டோ கேட்டு எழுதியவர்களுக்கு: ஒன்றுகூட இல்லை. முக்கால் மணி நேரம் வெளிச்சம் அடித்ததில் ஃபோன் அணைந்துவிட்டது.