சோதனையில ஜெயிச்ச திட்டம் அரசுப் பள்ளிக்கு வந்ததும் ஏன் படுத்துடுது?

தரவுப்பிரியன்:
கல்விக் கொள்கைன்னு பேச்சு வந்தாலே ஆளாளுக்கு அவங்க படிச்ச காலத்த வச்சுத்தான் முடிவு சொல்றாங்க. அதான் தனி இழையா போடுறேன். என் கருத்து இதுதான், மக்கள் வரிப்பணத்துல ஒரு திட்டம் வருதுன்னா முதல்ல கொஞ்சம் பள்ளிகள குலுக்கல் முறையில தேர்ந்தெடுத்து அங்க மட்டும் நடத்திப் பாக்கணும், மத்த பள்ளிகள அப்படியே விடணும், ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டையும் ஒப்பிட்டா வேலை செய்யுதா இல்லையான்னு தெரிஞ்சிடும். மருந்துக்கு இப்படித்தான செய்றோம், பிள்ளைங்க படிப்புக்கு மட்டும் மந்திரிக்குத் தோணுனது போதுமா? கென்யாவுல கிராமப் பள்ளிகளுக்கு பாடப்புத்தகம் குடுத்து இப்படி சோதிச்சாங்க. சராசரி மார்க் ஏறவே இல்ல. ஏற்கனவே நல்லா படிச்ச பிள்ளைகளுக்கு மட்டும்தான் பிரயோஜனம், ஏன்னா புத்தகம் இங்கிலீஷ்ல, பல பிள்ளைகளுக்கு அது மூணாவது மொழி. சோதிக்காம இருந்திருந்தா "புத்தகம் குடுத்தாச்சு, கடமை முடிஞ்சது"ன்னு கணக்க மூடியிருப்பாங்க.

கடைசிபெஞ்ச்வாத்தியார்:
நான் அரசுப் பள்ளி ஆசிரியர், அதனால எனக்கு கோபம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கங்க தம்பி.

மாத்திரைய யார் குடுத்தாலும் உள்ள போயி அதே வேலையத்தான் செய்யும். திட்டம் அப்படி இல்ல, குடுக்குற கை மாறுனா திட்டமே வேற ஆயிடும். நீங்க கென்யான்னு சொன்னதால அங்கயே வர்றேன். ஒப்பந்த ஆசிரியர் திட்டம்னு ஒண்ணு, மேற்கு கென்யாவுல தொண்டு நிறுவனம் நடத்துனப்ப நல்லா ஓடுச்சு, பிள்ளைங்க மார்க் ஏறுச்சு. அப்புறம் நாடு முழுக்க, 8 மாகாணத்துலயும் சோதிச்சாங்க, பாதி இடத்துல தொண்டு நிறுவனமும் மீதியில அரசாங்கமும் நடத்துச்சு. அதே சம்பளம், அதே வேலை. தொண்டு நிறுவனம் நடத்துன பள்ளியில மார்க் ஏறுச்சு, அரசு நடத்துனதுல ஒண்ணுமே இல்ல, சைபர். சம்பளம் தாமதமாச்சு, கண்காணிப்பு சரியில்ல, ஆசிரியர் சங்கம் எதிர்த்துச்சு. இப்ப சொல்லுங்க, ஒப்பந்த ஆசிரியர் திட்டம் "வேலை செய்யுதா"? இந்தக் கேள்விக்கு பதிலே கிடையாது. யார் நடத்துறாங்கன்னு சேத்துக் கேட்டாத்தான் பதில் வரும்.

தரவுப்பிரியன்:
சார், நீங்க சொன்ன உதாரணம் எனக்குத்தான் சாதகம். அரசு நடத்துனா ஓடாதுன்னு எப்படித் தெரிஞ்சது? குலுக்கல் போட்டு, ரெண்டு விதமாவும் நடத்தி, ஒப்பிட்டுப் பாத்ததாலதான! சோதனை இல்லைன்னா ரெண்டு பக்கமும் காலம்பூரா வாய்ச்சண்டைதான் போட்டுக்கிட்டு இருந்திருப்பாங்க.

வெண்மேகம்:
வகுப்புல எத்தனை பேருங்கற விஷயத்தையும் சேத்துக்கங்க. அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல 1985ல ஸ்டார்னு ஒரு பெரிய சோதனை ஆரம்பிச்சாங்க, 79 பள்ளி, 11,000க்கு மேல பிள்ளைங்க. ஒரு வகுப்புல 13லருந்து 17 பேர், இன்னொண்ணுல 22லருந்து 25 பேர். பிள்ளைகளையும் டீச்சரையும் குலுக்கல்லயே போட்டாங்க. சின்ன வகுப்பு பிள்ளைங்க தெளிவா மேல வந்தாங்க. இதப் பாத்துட்டு கலிபோர்னியா 1996ல மாநிலம் முழுக்க தொடக்க வகுப்புகள்ல சுமார் 30 பேர 20ஆ குறைச்சிடுச்சு. ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான புது டீச்சர் வேணும், ஆள் எங்க? பயிற்சி முடிக்காதவங்கள எடுத்தாங்க. வசதியான பகுதியில இடம் காலியானதும் ஏழைப் பகுதியில இருந்த அனுபவசாலிங்க அங்க போயிட்டாங்க. டென்னசியில பாத்த பலன் மாதிரி தெளிவா எதுவும் காட்ட முடியல.

டென்னசி சோதனை பொய்யில்ல. 79 பள்ளிக்கு நல்ல டீச்சர் கிடைக்கும், மாநிலம் முழுக்க தேடுனா கிடைக்காது, அவ்வளவுதான் விஷயம்.

கூழாங்கல்:
நான் இந்த மாதிரி ஆய்வுகளுக்கு சர்வே எடுக்கப் போற ஆளு. நீங்க எல்லாரும் பேசுற "தரவு" எங்க கை வழியாத்தான் வருது, அதனால ஒண்ணு சொல்லணும். கூலி வேலைக்குக் கிளம்பிட்டு இருக்குற ஒரு அம்மாவ உக்கார வச்சு வீட்டுல எத்தனை பேரு, என்ன வருமானம், பையன் ஏன் பள்ளிக்கூடம் போகல, வீட்டுல அடிப்பாங்களான்னு கேட்டுட்டு வர்றோம். அவங்க கடைசியில கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "இத எழுதிட்டுப் போனா எங்களுக்கு எதாவது நடக்குமா?" எனக்கு குடுத்திருக்குற பதில் "இது ஆய்வுக்காக மட்டும்மா". ஆய்வு முடிஞ்சு அறிக்கை வருது, எங்கயோ மாநாட்டுல வாசிக்கிறாங்க, அந்த ஊருக்கு யாரும் திரும்பிப் போயி உங்க பள்ளியில நாங்க பாத்தது இதுதான்னு சொல்றதே இல்ல. நான் வேலை பாத்த ஒரு திட்டத்துல திரும்பிப் போகலாம்னு கேட்டேன், அதுக்கு பட்ஜெட் இல்லன்னுட்டாங்க.

அந்தப் பள்ளிக்கூடம் ஏன் நடக்கலன்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். கேள்வித்தாள்ல அதுக்கு கட்டம் கிடையாது.

தரவுப்பிரியன்:
கூழாங்கல், திரும்பிப் போய் சொல்லணும்ங்கறதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல. ஆனா ஊர்க்காரங்க சொல்ற காரணத்த மட்டும் வச்சு கோடிக்கணக்குல செலவு பண்ண முடியாது. ஊருக்குள்ளயே நாலு பேரு நாலு காரணம் சொல்லுவாங்க, அதுல சத்தமா பேசுறவர் காரணம்தான் நோட்டுல ஏறும்.

வாத்தியார் சாருக்கும் ஒரு கேள்வி. ராஜஸ்தான் உதய்பூர் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தோட ஓராசிரியர் பள்ளிகள்ல டீச்சர் கையில தேதி நேரம் விழற கேமரா குடுத்தாங்க, தினமும் காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு பிள்ளைகளோட போட்டோ, வந்த நாளுக்கு ஏத்த சம்பளம். வராத அளவு 42 சதவீதத்துலருந்து 21க்கு வந்துச்சு, பிள்ளைங்க மார்க்கும் ஏறுச்சு. இத ஏன் அரசுப் பள்ளியில கொண்டு வரக்கூடாது?

கடைசிபெஞ்ச்வாத்தியார்:
கொண்டு வந்து பாத்தாங்களே தம்பி, அதே உதய்பூர் மாவட்டத்துல, பள்ளியில இல்ல, அரசு சுகாதார நிலைய நர்சுங்க கிட்ட. வருகைய பதிய மெஷின் வச்சாங்க, வரலைன்னா சம்பளம் பிடிப்போம்னு அரசு நிர்வாகமே சொல்லுச்சு. முதல் ஆறு மாசம் நல்லா ஏறுச்சு. 16 மாசத்துல பழைய நிலைமைக்கே வந்துடுச்சு. மெஷின் மேல தப்பில்ல. மேல இருந்த அதிகாரிங்களே "இன்னிக்கு இவங்களுக்கு விலக்கு, நாளைக்கு அவங்களுக்கு விலக்கு"ன்னு எழுதிக் குடுத்துட்டே இருந்தாங்க.

எனக்கு வலிக்கிறது எதுன்னா, எப்ப ஆய்வு வந்தாலும் கேமரா கடைசிப் படியில நிக்கிற ஆள் மேலதான் திரும்புது. பள்ளிக்கூடத்துல டீச்சர் எத்தனை நாள் வரலன்னு எண்ணுற நீங்க, பாடம் நடத்துற நேரத்துல அவர எத்தனை தடவ கணக்கெடுப்புக்கும் கூட்டத்துக்கும் படிவம் நிரப்பவும் இழுத்தாங்கன்னு எண்ணுறீங்களா? காலி இடத்த நிரப்பாம எத்தனை வருஷம் கோப்பு தூங்குச்சுன்னு எண்ணுறீங்களா? மேல போகப் போக ஆய்வே இல்ல. அரசு அலுவலகத்துக்குள்ள ஒரு கோப்பு எப்படி நகருது, ஒரு நல்ல அதிகாரி மாறுனதும் திட்டம் எப்படி சாகுதுன்னு ரெண்டு வருஷம் உள்ள உக்காந்து எழுதுறவங்க வேணும்.

வெண்மேகம்:
சார் கேக்குற மாதிரி ஒண்ணு நடந்திருக்கு, வயசப் பாக்காம பிள்ளைக்கு எவ்வளவு வாசிக்க வருதோ அதுலருந்து ஆரம்பிச்சு சொல்லிக்குடுக்கிற பிரதம்ங்கற தொண்டு நிறுவனத்தோட முறை. பீகார்லயும் உத்தராகண்ட்லயும் அரசு ஆசிரியர்களுக்கு பயிற்சியும் புத்தகமும் மட்டும் குடுத்துட்டு விட்டாங்க, பள்ளி நாள்ல எதுவும் மாறல, எல்லாரும் பாடத்திட்டத்த முடிக்கிற ஓட்டத்துலயே இருந்தாங்க. அதே பீகார்ல கோடை விடுமுறை முகாம்ல அரசு ஆசிரியர்களே இந்த முறையில நடத்துனப்ப பலன் இருந்துச்சு! அப்ப திறமை இருக்கு, பள்ளி நாளோட அமைப்புதான் அத விடல. அப்புறம் ஹரியானாவுல அரசே தினமும் ஒரு மணி நேரம் இதுக்குன்னு ஒதுக்கி, வட்டார அளவுல மேற்பார்வைக்கு ஆளையும் தயார் பண்ணுச்சு. மொழிப்பாடத்துல மார்க் ஏறுச்சு, கணக்குல பெருசா இல்ல.

ஒவ்வொரு தோல்விக்கும் அப்புறம் ஏன்னு உள்ள போய் பாத்திருக்காங்க, அதனாலதான் அடுத்த சோதனை வேற மாதிரி வந்துச்சு. அளக்குறவங்களும் உக்காந்து பாக்குறவங்களும் சேந்து வேலை செஞ்சா இப்படி ஆகும். நம்ம இழையில ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கிறோம், களத்துல அப்படி இல்ல.

தரவுப்பிரியன்:
ஹரியானா உதாரணம் நல்லா இருக்கு. ஆனா அந்த மேற்பார்வை ஆளு நாளைக்கும் வருவாரான்னு பாக்க மறுபடி அளந்துதான் ஆகணும், அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். சார் சொன்ன ஒண்ண எடுத்துக்குறேன், வருகைய எண்ணுறதுன்னா டீச்சர வேற வேலைக்கு இழுத்த நேரத்தையும் அதே நோட்டுல எண்ணணும். அப்புறம் சோதனைய அரசு ஆளுங்களே நடத்தணும், அவங்க சம்பளத்துல, அவங்க நேரத்துல. தொண்டு நிறுவனத்த வச்சு நடத்திட்டு அரசுக்கு சிபாரிசு பண்றதுக்கு கென்யாவுக்கு அப்புறம் எந்த நியாயமும் இல்ல.

கடைசிபெஞ்ச்வாத்தியார்:
இத முதல் பதிவுலயே எழுதியிருந்தா நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன் தம்பி. கேமரா வேணாம்ங்கறதுல மட்டும் நான் மாறல.

கூழாங்கல்:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. சோதனைக்குப் பணம் ஒதுக்கும்போதே ஊருக்குத் திரும்பிப் போறதுக்கும் தனியா ஒதுக்குவாங்களா? கட்டுப்பாட்டுக் குழுவுல, அதாவது ஒப்பிட்டுப் பாக்க திட்டம் குடுக்காம விட்ட பள்ளிகளுக்கு, திட்டம் நல்லதுன்னு தெரிஞ்ச பிறகு அது எப்ப வரும்? தரவுப்பிரியன், நீங்க கொள்கை எழுதுற ஆளுங்களோட பேசுறதா போன இழையில சொன்னீங்க, அங்க இத கேட்டுச் சொல்லுங்க.