புதுப்பிப்பு: சனி, ஞாயிறு விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் காற்றால் ஓடுவது) – நேரமும் பாயும் மாறுகின்றன

முதல் பதிவில் போட்டிருந்தது: சனி மதியம் 1 மணி, 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கி.மீ.) காற்று, 75 கிலோ ஆளுக்கு 5.5 சதுர மீட்டர் பாய். இனி அது செல்லாது.

வானிலை முன்னறிவிப்பு மாதிரிகளில் ஜிஎஃப்எஸ் இன்னும் 18 நாட் என்கிறது, ஈசிஎம்டபிள்யூஎஃப் 13-க்கு இறங்கிவிட்டது. இவ்வளவு விலகல் இருந்தால் சராசரி எடுப்பதில் பயனில்லை. 5.5, 7.5 இரண்டையும் எடுத்து வாருங்கள். கரையில் நின்று பார்த்துக் கட்டலாம்.

பெரிய சிக்கல் ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது. பௌர்ணமிக்கு மறுநாள் என்பதால் ஏற்ற இறக்கம் அதிகம். உயர் ஓதம் 11:00, தாழ் ஓதம் 17:10. வற்றத்தின் (நீர் இறங்கும் நேரத்தின்) 3-ஆம், 4-ஆம் மணியில்தான் ஏறக்குறைய பாதித் தண்ணீர் வெளியேறும். அதாவது 1 முதல் 3 வரை. நீரோட்டம் அப்போது காற்றுக்கு நேர் எதிர். 2 நாட் ஓட்டத்தில் 15 நாட் காற்று பாய்க்கு 17 போல இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அலை குறுகிச் செங்குத்தாகி, பலகையின் மூக்கு ஒவ்வொன்றிலும் குத்தும். ஆகவே 3:15-க்கு இறங்குவோம். 4:45-க்குள் கரையேறணும், அதற்குப் பிறகு முழங்காலளவு தண்ணீரில் பலகைக்கு அடியில் நீளும் 42 செ.மீ. ஃபின் தரை தட்டி, ஆளை முன்னால் தூக்கி எறியும்.

ஞாயிறு காலை காற்று கரையிலிருந்து கடலுக்கு. மீட்புப் படகு இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்.

ஓத அட்டவணை உள்ளூர் நேரமா, யூடிசியா (உலகப் பொது நேரமா) என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே உள்ளவை உள்ளூர் நேரம்.