ரிஷார் கலியானோ: ஒரே அக்கார்டியனில் இத்தனை பாணிகள் எப்படிச் சாத்தியமாயின?

கேள்வி: சுங்கை சிப்புட் வாசகி

வணக்கம். கோயில் திருவிழாக்களிலும் திருமண விருந்துகளிலும் வாசிக்கும் எங்கள் ஊர் இசைக்குழு ஒன்றில் என் அண்ணன் மகன் அக்கார்டியன் வாசிக்கிறான். பழைய திரைப்பாடல்களில் தேறிவிட்ட அவனை, பக்கத்துக் கம்போங்கைச் சேர்ந்த மலாய் நண்பர்கள் தங்கள் நடன இசையான ஜோகெட் வாசிக்கவும் அழைக்கிறார்கள். எல்லாவற்றிலும் கால் வைத்தால் எதிலும் ஊன்ற மாட்டான் என்று வீட்டில் பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். அவனோ, பிரெஞ்சுக் கலைஞர் ரிஷார் கலியானோ ஜாஸ், டாங்கோ, ஜெர்மானிய இசைமேதை பாஹின் படைப்புகள் என அனைத்தையும் இதே கருவியில் வாசிப்பதைச் சுட்டிக்காட்டுகிறான். அவர் யாரிடமிருந்து எதைப் பெற்றார் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: ஈப்போ இசையாசிரியர்

வணக்கம் அம்மா. கலியானோ 1950இல் பிரான்சின் தென்கடற்கரையில், இத்தாலிய வேர்கள் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். தந்தை லூசியான் அக்கார்டியன் ஆசிரியர் என்பதால் நான்கு வயதிலேயே கருவி அவர் மடிக்கு வந்துவிட்டது. ஆனால் அத்துடன் நிற்காமல் நீஸ் நகர இசைக்கல்லூரியில் சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் ஹார்மனி, பல மெட்டுகளை இணைக்கும் கவுண்டர்பாயிண்ட் ஆகியவற்றோடு டிராம்போன் என்ற ஊதுகருவியும் பயின்றார். ஊதுகருவியில் மூச்சு செய்யும் வேலையை அக்கார்டியனில் துருத்தி செய்கிறது. ஒரு சுரத்தைத் தொடங்குவதும் பெருக்குவதும் அடக்குவதும் அதை இழுக்கும் கையில்தான் இருக்கின்றன. அவருடைய வாசிப்பு பாடுவதுபோல் ஒலிப்பதற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

பதினான்கு வயதில் அவரை ஆட்கொண்டவர் ஓர் அக்கார்டியன் கலைஞர் அல்லர். 1956இல் இருபத்தைந்தே வயதில் கார் விபத்தில் மறைந்த அமெரிக்க டிரம்பெட் மேதை கிளிஃபர்ட் பிரவுன். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டு அந்தச் சொற்றொடர்களைத் தம் பொத்தான்களில் எடுத்துப் பழகிய சிறுவனுக்கு, ஜாஸ் உலகில் தம் கருவிக்கு ஏன் இடமில்லை என்ற கேள்வி எழுந்தது. அவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதிலாகவே எனக்குப் படுகிறது.

டாங்கோவுக்கு வந்தது பின்னர்தான். அர்ஜென்டினாவின் டாங்கோ இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசொலா 1980களில் அவருக்கு நெருக்கமானார். தாம் புதிய டாங்கோவை உருவாக்கியதுபோல நீ புதிய மியூசெட்டை உருவாக்கு என்பது அவர் கொடுத்த அறிவுரை. மியூசெட் என்பது பாரிஸ் நடனக்கூடங்களின் அக்கார்டியன் இசை. இளைஞர்கள் பழையதென்று ஒதுக்கியிருந்தது. கலியானோ அந்த இசையின் வால்ட்ஸ் நடன மெட்டுகளுக்கே திரும்பி, ஜாஸ் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 1991இல் "நியூ மியூசெட்" இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2010இல் டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்துக்காகப் பாஹ் வாசித்ததும், இப்படித் தம் மண்ணில் ஊன்றிக்கொண்ட பிறகுதான்.

மறுமொழி: தெலுக் இந்தான், மேடைக்கலைஞர்

ஆசிரியர் ஐயா சொன்னவற்றில் எனக்கு மாறுபாடில்லை. எனினும் பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்த காலத்தை அவர் விட்டுவிட்டார். 1970களில் பாரிஸுக்குச் சென்ற கலியானோ, பாடகர் குளோத் நுகரோவின் குழுவில் சில ஆண்டுகள் பணியாற்றினார். பார்பரா, ஷார்ல் அஸ்னவூர் போன்றோருக்கும் வாசித்தார். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் இரண்டு சுரங்களை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கும் அடக்கத்தை எந்தக் கல்லூரியும் கற்றுத்தராது. பல பாணிகளுக்குள் நுழைய அவருக்கு உதவியது இந்த அடக்கமே என்பது என் உறுதியான எண்ணம்.

நம் பக்கமும் இதற்குச் சான்றுகள் உண்டு. மெல்லிசை மன்னரின் குழுவில் மங்களமூர்த்தி அக்கார்டியன் வாசித்த பாடல்களை, குரலை மறந்து அந்த இழையை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். 1969இல் வெளிவந்த "ஆராதனா" படத்தின் "ரூப் தேரா மஸ்தானா" பாடலில் அக்கார்டியன் வாசித்த கெர்சி லார்ட், தாளக்கருவிகளும் வாசித்தவர். சிந்தசைசரை இந்தித் திரையிசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளிலும் ஒருவர்.

ஜோகெட்டைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஜோகெட் வாசிக்கும் ரோங்கெங் என்ற மலாய் நடனக் குழுவில் வயலினும் அக்கார்டியனும் ஒரே மெட்டை ஆளுக்கொரு விதமாக அழகுபடுத்திச் செல்ல, ரெபானா என்ற கைப்பறையும் கோங் என்ற உலோகத் தாளக்கருவியும் அவற்றைத் தாங்கும். இன்னொரு கருவியோடு இவ்வாறு இணைந்து செல்வதற்குச் செவி கூர்மையாக இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பெரியவர்களிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவன் முதலில் எதைத் தொடங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

மறுமொழி: ஈப்போ இசையாசிரியர்

இடக்கையை முதலில் கவனிக்கச் சொல்லுங்கள் அம்மா. திரைப்பாடல் வாசிப்பவர்கள் பெரும்பாலும் வலக்கையிலேயே நின்றுவிடுகிறார்கள். பேஸ் பொத்தான்களும் துருத்தியும் துணைக்கு மட்டும் பயன்படுகின்றன. தினமும் ஒரே நீண்ட சுரத்தை, துருத்தி திரும்பும் இடம் காதுக்குத் தெரியாதவாறு, மெதுவாகப் பெருக்கி மெதுவாக அடக்கிப் பழகட்டும். பிறகு அவனுக்குப் பிடித்த நாதஸ்வர வித்துவான் ஒருவரின் வாசிப்பிலிருந்து சிறு பகுதியை எடுத்து அதன் மூச்சை மட்டும் பின்பற்றட்டும். அக்கார்டியனில் கமகம் முழுமையாக வராது. மூச்சின் ஏற்ற இறக்கம் வரும். ஜோகெட்டுக்கு அழைத்த நண்பர்களிடம் இந்த வாரமே போகலாம்.