மறு: கேம்-கீ கார்டு - திறவுகோல் அட்டையா, வேறா?

> நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவிக்கு வரும் கேம்-கீ கார்டை 'திறவுகோல் அட்டை' எனலாமா?

பொருள் சரிதான் ஐயா, ஆனால் நீளம். 'விசை அட்டை' என்றால் விசைப்பலகை நினைவுக்கு வரும். 'சாவி அட்டை'யில் எனக்குக் குறையில்லை. சாவி போர்த்துகீசியர் விட்டுப்போன சொல் என்று நம் கலைச்சொல் குழுவில் யாராவது கிளம்புவார்கள், அவ்வளவுதான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். 2025 ஜூனில் வந்த அந்தக் கருவிக்கு அட்டை இரண்டு வகை. சைபர்பங்க் 2077 போல 64 ஜிபி அட்டைக்குள்ளேயே முழு விளையாட்டும் இருப்பது ஒன்று. மற்றதுதான் கேம்-கீ கார்டு, அதில் விளையாட்டே இல்லை. செருகியதும் நிண்டெண்டோவின் வழங்கியிலிருந்து (சர்வர்) இறக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் இணையம் தேவையில்லை. ஆனால் விளையாடும்போதெல்லாம் அட்டை உள்ளே இருக்க வேண்டும். இரவல் தரலாம், விற்கலாம்.

ஒளிவட்டும் இந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) டிவிடியிலிருந்தே படித்து ஓட்டியது. பிஎஸ்5-இல் 100 ஜிபி வட்டு வந்தும், எல்லாவற்றையும் கருவிக்குள் உள்ள எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் நிறுவிய பிறகுதான் ஆட்டம். எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிபி படிக்கிறது. எந்த வட்டு அதற்கு ஈடுகொடுக்கும்? நிறுவியபின் வட்டைப் போட்டு வைப்பது, 'வாங்கியிருக்கிறேன்' என்று காட்டத்தான். சரக்கைச் சுமப்பது, உரிமையைக் காட்டுவது என்று வட்டுக்கு இரண்டு வேலை இருந்தது. கீ கார்டு முதல் வேலையை உதறிவிட்டது.

என் பரிந்துரை: திறவட்டை. குறுந்தகடா, குறுவட்டா, ஈழத்து இறுவட்டா என்று நாம் மல்லுக்கட்டி முடிப்பதற்குள் பொருளே கடையை விட்டுப் போய்விட்டது. இந்த முறை வேலையைச் சொல்லும் பெயராக இருக்கட்டும்.

———

திறவு + அட்டை, 'திறவுவட்டை' என்றல்லவா வரும்? உகரம் இங்கே முற்றியலுகரம், முழுதாய் ஒலிப்பது; குற்றியலுகரம்போல் கெடாதே.

இன்னொன்று. சாவி என்றால் பூட்டிய பெட்டி நம் வீட்டில் இருக்கிற மாதிரி தோன்றுகிறது. இங்கே பொருள் கடைக்காரனிடம், சீட்டு நம்மிடம். அடகுச் சீட்டுதானே இது? ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் பெட்டியில் வரும் விளையாட்டுகளைச் சேகரிக்கிறது. இந்த அட்டைகளை மட்டும் வேண்டாம் என்கிறது, உள்ளே உள்ளடக்கம் இல்லை என்பதால். 'உரிமைச் சீட்டு' என்பேன்.

———

முற்றியலுகரமும் சில இடத்தில் கெடும் அக்கா. கதவு + அழகு, கதவழகு ஆகிறதே.

அடகுச் சீட்டு உவமை என்னை அசைத்துவிட்டது. ஆனால் சீட்டைக் கொடுத்து நகையை மீட்டால் சீட்டு போய்விடும். இது கையிலேயே நிற்கிறது. 'உரிமை' என்று போட்டால், வழங்கி நின்ற நாளில் அந்தச் சொல்லே பொய்யாகிவிடும். பெயரில் முடியாததை விளக்கத்தில் சொல்லிவிடலாம்:

திறவட்டை (பெ.): விளையாட்டின் தரவைத் தன்னுள் கொள்ளாமல், வழங்கியிலிருந்து இறக்கவும் இறக்கியதை இயக்கவும் மட்டும் இசைவு தரும் அட்டை. வழங்கி நின்றபின் புதிதாக இறக்கப் பயன்படாது.

முழுத் தரவு உள்ளதை 'நிறையட்டை' எனலாமா? மக்கள் எப்படியும் 'கேசட்' என்றுதான் சொல்வார்கள். தொண்ணூறுகளில் டிவியில் மாட்டி விளையாடியதை எங்கள் தெருவே கேசட் என்றது, உள்ளே ஒரு முழம் நாடா கிடையாது.