கலைச்சொல் உதவி: பார்த்து வரைந்த பழைய நகரப்படங்களுக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுச் சுவரில் மாட்டும் ஓவியங்களின் விற்பனைப் பட்டியல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். எல்லாம் ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கால நகரப்படங்கள். இத்தாலிய ஓவியர் யாக்கோப்போ தெ பார்பரி 1500இல் வரைந்த வெனிஸ் ஒன்று. அப்புறம் நாற்புறமும் சங்கிலியும் மூலையில் பூட்டுமாக உள்ள ஃபிளாரன்ஸ் 'சங்கிலிப்படம்'. இவற்றைப் பார்த்து இன்றைய ஓவியர்கள் கேன்வாஸில் கையால் வரைந்து தருகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஹேண்ட் பெயின்டட் ரீப்ரொடக்ஷன்' என்று போட்டிருக்கிறது. 'நகல்' என்று எழுதினேன். ஜெராக்ஸ் கடைதான் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் உண்டா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, நகல் அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. பிரதி வடசொல். நம்மிடம் 'படி' இருக்கிறதே! கல்வெட்டுமேல் தாளை ஒற்றி மை தடவி எடுப்பதைக் கல்வெட்டுத் துறையினர் இன்றும் 'மைப்படி எடுத்தோம்' என்றுதானே சொல்கிறார்கள்? ஓவியத்துக்கு 'ஓவம்' என்பது சங்கச் சொல். புறநானூறு 251ஆம் பாட்டு 'ஓவத் தன்ன இடனுடை வரைப்பின்' என்று தொடங்குகிறது. ஓவமும் வரைப்பும் ஒரே அடியில் வருவதைக் கவனியுங்கள். வரைப்பு என்றால் எல்லைக்குட்பட்ட இடம். வரை என்றால் கோடு, எல்லை, மலை, மூங்கில். 'வரைவு' திருமணத்தையும் குறிக்கும். எல்லை கட்டுதல் என்ற ஒரே கருத்திலிருந்து இவ்வளவும் கிளைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்கு என் பரிந்துரை: ஓவப்படி.

ஓவிய ஆசிரியை எழுதியது:

ஐயா, ஓவப்படி அழகான சொல். ஆனால் பட்டியலைப் புரட்டுகிறவருக்குப் புரியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெனிஸின் மூலப்படம் ஓவியமே அல்ல. ஆறு மரக்கட்டைகளில் செதுக்கி, ஆறு தாள்களில் அச்சடித்து ஒட்டியது. அகலம் ஏறத்தாழ 2.8 மீட்டர். அந்தக் கட்டைகள் இன்றும் வெனிஸின் கொர்ரேர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூலம் அச்சு, அதைப் பார்த்து வரைவதுதான் ஓவியம். 'நகல்' என்றாலும் 'படி' என்றாலும் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

என் மாணவிகளுக்கு அந்தப் படத்தின் ஒரு மூலையைக் கொடுத்தேன்: நீரில் ஒரு பெரிய மீன்மேல் ரோமானியரின் கடல்தெய்வம் நெப்டியூன், சுற்றிலும் அலைக்கோடுகள். உளி விட்டுவைத்த கோடு விறைப்பாக நிற்கும். தூரிகையோ வளைவில் தானாகத் தடித்துவிடும். மூன்று நாள் முயன்ற பிறகு ஒரு பெண், 'மிஸ், என் கடல் அவர் கடல் மாதிரி இல்லை, ஆனா நல்லா இருக்கு' என்றாள். அவள் செய்த வேலைக்கு நகல் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 'கை' என்பதும் 'பார்த்து' என்பதும் சொல்லில் இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியது:

நிலவரைபடத்தை எங்கள் பள்ளிக்கூடங்களில் 'தேசப்படம்' என்றுதான் படித்தோம். நகரத்துக்கு அது பொருந்தாது, சரி. நகரப்படமே போதும். ஆனால் இவை மேலிருந்து சரிந்து பார்ப்பதுபோல் வரைந்தவை அல்லவா? வீடுகளின் முகப்பும் தெரியும், தெருவும் தெரியும். அதற்கும் ஒரு சொல் வேண்டும். 'பறவைப் பார்வை' மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. நன்னூலில் சூத்திரங்கள் அமையும் முறைகளுக்குப் பெயராக அரிமா நோக்கம் உண்டு, பருந்தின் வீழ்வும் உண்டு. 'பருந்துநோக்கு' என்றால் என்ன?

நகரத்தை மேலிருந்து பார்க்கும் கண் நமக்குப் புதிதல்ல. மதுரையைத் தாமரையாகவும், தெருக்களை இதழ்களாகவும், அரசன் கோயிலை, அதாவது அரண்மனையை, நடுப்பொகுட்டாகவும் பரிபாடல் காட்டுகிறது. இன்னொன்று: ஜெர்மனியின் கொலோன் நகரில் பிரவுனும் ஹோகன்பெர்க்கும் 1572இல் தொடங்கிய நகரப்படத் தொகுதியின் முதல் பாகத்திலேயே கோழிக்கோடும் கண்ணூரும் இருக்கின்றன. அந்தத் தொகுதியில் தாளில் அச்சடித்த பிறகு கையால் வண்ணம் தீட்டிய படிகளும் உண்டு. அவற்றுக்கும் இதே சொல் பொருந்துமா?

ஓவிய ஆசிரியை:

பொருந்தாது. அது 'கைவண்ணமிட்ட அச்சு'. செம்பிலிருந்து எடுத்த பச்சை பூசிய இடங்களில் தாள் பழுப்பேறி விரிசல் விட்டிருக்கும், பின்பக்கம் திருப்பினாலே தெரியும். கேன்வாஸில் புதிதாக வரைவது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

மொழிபெயர்ப்பாளர்:

நன்றி. நேரம் நெருங்கிவிட்டது. குழுவில் ஆதரவு: 'பார்த்து வரைந்த நகரப்படம்' என்பதற்கு நான்கு பேர், 'கைவரை நகரப்படம்' என்பதற்கு இரண்டு பேர், 'ஓவப்படி'க்கு ஒருவர். பட்டியலில் முதலாவதைப் போடுகிறேன். 'பருந்துநோக்கு' ஒரே ஒரு குறிப்பில் வருகிறது, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்.

தமிழாசிரியர்:

தம்பி, பட்டியலுக்கு அது போதும். ஆனால் 'பார்த்து வரைந்த' என்பது விளக்கம், பெயர் ஆகாது. இதிலிருந்து இன்னொரு சொல்லை எப்படி ஆக்குவீர்கள்? வரைபவருக்கு என்ன பெயர்? அந்தத் தொழிலுக்கு என்ன பெயர்? படி என்றால் படியெடுப்பவர், படியெடுப்பு என்று தொடர்ந்து வரும். ஆசிரியை அம்மா சொன்ன குறைக்கு 'கைப்படி' என்று திருத்திக்கொள்கிறேன். குழுவின் சொற்பட்டியலில் அதையும் சேருங்கள். வரைவு பற்றிய மடல் நாளை வரும்.