மலை ரயில் டிரைவர் ஐயாவைப் பற்றி, தெரிந்தவர்கள் எழுதுங்கள்

குன்னூர் எஞ்சின் ஷெட்டில் எக்ஸ் கிளாஸ் என்ற வகை நீராவி எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்ற எங்கள் தெரு டிரைவர் ஐயா போன வாரம் காலமாகிவிட்டார். அவரோடு பழகியவர்கள் இங்கே பலர் உண்டு. நானே தொடங்குகிறேன்.

கல்லூரி நாட்களில் ஒருமுறை மேட்டுப்பாளையத்தில் அவர் வண்டியில் ஏறினேன். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது இறங்கிப் போய்ப் பேசினேன். மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்துதான் பெட்டிகளைத் தள்ளும். எதிரே இருக்கும் பாதை டிரைவருக்குத் தெரியாது. எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். “பெட்டிக்குப் பெட்டி கொடியோட பிரேக்ஸ்மேன் நிக்கிறாரு தம்பி. எனக்குக் கண்ணு அவங்கதான். மிச்சத்தைக் காதுல கேட்டுக்கணும்” என்றார்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 20 கி.மீ. பல்தண்டவாளம், அதாவது எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏற நடுவில் பல் வைத்த தண்டவாளம். ஏற்றம் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி. கீழ் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அங்கே வேலை முடித்த நீராவியே மேல் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். “கீழ ஒரு தாளம், மேல வேற தாளம். ரெண்டையும் கேட்டுத்தான் ரெகுலேட்டர்ல கை வைக்கணும்” என்றார். நீராவியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிதான் ரெகுலேட்டர். அப்புறம் என்னை அங்கேயே நின்று கேட்கச் சொன்னார். வண்டி கிளம்பிவிடுமே என்று நான் பெட்டிக்கு ஓடிவிட்டேன்!

—

நான் அவரிடம் ஃபயர்மேனாக இருந்தவன். நிலக்கரி அள்ளிப் போட்ட காலம். ஒருநாள்கூட அதட்டியதில்லை. ஆனால் பாய்லர் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்காமல் நான் திரும்பினால் தோளைத் தட்டுவார். ஏறுவதைவிட இறங்குவதில்தான் அவருக்குக் கவனம் அதிகம். இறக்கத்தில் எஞ்சின் முன்னால் நின்று மொத்த வண்டியையும் தாங்க வேண்டும். சிலிண்டர்களையே காற்றை அழுத்த வைத்து வேகத்தைப் பிடிப்பார்கள். அவை சூடேறாமல் இருக்க உள்ளே தண்ணீர் தெளிப்பார்கள். வெறும் பிரேக் கட்டையை நம்பினால் அது தேய்ந்து தீய்ந்துவிடும். பாதி வழியில் வண்டி வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகப் போவதை, பயணிகள் உணரும் முன்பே அவர் உணர்ந்துவிடுவார். அந்தக் கை எனக்கு வாய்க்கவே இல்லை, அவரைப் போல வேறொருவரை நான் பார்த்ததும் இல்லை.

—

திருச்சி பொன்மலையில் கட்டிய, நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கும் நீராவி எஞ்சின் குன்னூருக்கு வந்த புதிதில், ஓய்வுக்குப் பிறகும் பிளாட்பாரத்துக்கு வந்து நின்றார். நானும் பக்கத்தில் இருந்தேன். பழைய எஞ்சின்தான் உசத்தி என்று சொல்வார் என்று நினைத்தேன். இளம் டிரைவரைக் கூப்பிட்டு, எண்ணெயை எரிக்கும் பர்னர் தீயைப் பற்றி வரிசையாகக் கேள்வி கேட்டார், மாணவர் மாதிரி. டீ குடிக்கப் போனபோதும் அதே பேச்சு.

சனிக்கிழமை காரியம். காலையிலேயே வீட்டுக்குப் போகிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து வருபவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.