சிஐக்குள்ள வீஎம் ஓட்டினவை உங்கட கதையையும் போடுங்கோ

ஒழுங்கைக்காரன், வெள்ளவத்தை

முதல்ல என்ர கதையைச் சொல்லிடுறன். சிஐ எண்டா கோடு மாறுற நேரமெல்லாம் தானாவே டெஸ்ட் ஓட்டுற சேவை, வீஎம் எண்டா ஒரு கம்பியூட்டருக்குள்ள மென்பொருளா ஓடுற இன்னொரு கம்பியூட்டர்.

காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கை ஒண்டில எங்கட சின்ன ஒபிஸ். ரவுட்டருக்குப் போடுற லினக்ஸ் இமேஜ்தான் வேலை. கொமிட் ஒண்டு (கோடில ஒரு மாற்றம்) விழுந்தா அந்த இமேஜை கியூஎமு எண்ட வீஎம் மென்பொருளில பூட் பண்ணி, டிஎச்சிபி (நெட்வேர்க் முகவரி பங்கிடுற சேவை) ஐபி குடுக்குதா, ஃபயர்வோல் எழும்புதா எண்டு பார்க்க வேணும். கன்டெய்னரில செய்யேலாது, ஏனெண்டா சோதிக்கிறதே லினக்ஸின்ர மையமான கேர்னலைத்தான், கன்டெய்னர் வெளி மெஷின்ர கேர்னலிலதான் ஓடும். 2022 வரைக்கும் இது மேசைக்குக் கீழ கிடந்த பழைய டெஸ்க்டொப் ஒண்டில ஓடினது. நாலு நிமிசத்தில முடியும்.

அந்த மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். யூபிஎஸ் அரை மணித்தியாலம் தாங்கும். ஜெனரேட்டர் இருந்தாலும் டீசலுக்கு எங்க போறது? சரி, வாடகை சிஐ சேவை ஒண்டுக்கு மாறுவம் எண்டு மாறினம். நாலு நிமிச வேலை ஐம்பது நிமிசம் எடுத்தது. அது கூடப் பரவாயில்ல. டிஎச்சிபி டெஸ்ட் காலமை பாஸ், பின்னேரம் ஃபெயில். நான் எங்கட கோடிலதான் பிழை எண்டு நினைச்சு மூண்டு கிழமை தோண்டினன். கண்ட இடமெல்லாம் ஸ்லீப் (கொஞ்சம் பொறு எண்டு சொல்லுற வரி) போட்டன், 30 செக்கன் டைம்அவுட்டை 5 நிமிசமாக்கினன். டொலர் 200 ரூபாயில இருந்து 360க்குப் போன நேரம் அது. சிஐ நிமிசத்துக்குக் காசு டொலரில.

விசயம் சிஐ எழுதி வைக்கிற லொக்கின்ர மேல் வரியில ஆரம்பத்தில இருந்தே கிடந்திருக்கு: கேவிஎம் (சிபியூவின்ர வசதியால வீஎம்மை வேகமா ஓட்டுற லினக்ஸ் பகுதி) தொடங்கேலாமல் போச்சு, டிசிஜிக்கு (கியூஎமு மென்பொருளாலயே ஓட்டுற மெதுவான வழி) மாறுறன் எண்டு. அப்பிடி மாறச் சொன்னதும் நான்தான். எங்கயோ பார்த்துக் கொப்பி பண்ணின ஸ்கிரிப்டில ‘கேவிஎம், இல்லாட்டி டிசிஜி’ எண்டு இருந்தது. சிஐ தாற மெஷினே ஒரு வீஎம். வெளியில இருந்து அந்த வீஎம்மை ஓட்டுற மென்பொருள், அதுதான் ஹைப்பர்வைசர், விட்டாத்தான் உள்ள இருக்கிற லினக்ஸுக்கு சிபியூவின்ர மெய்நிகராக்க வசதி தெரியும். விடாட்டி ‘டெவ்’ கோப்புறைக்குள்ள கேவிஎம் எண்ட சாதனம் வராது. பிறகு கியூஎமு ஒவ்வொரு அறிவுறுத்தலையும் மென்பொருளாலதான் மொழிபெயர்த்து ஓட்டும். ஓடும், ஆனா மாட்டு வண்டில் மாதிரி.

2023இல கிட்ஹப்பின்ர சிஐ சேவையான ஆக்‌ஷன்ஸ் பெரிய லினக்ஸ் ரன்னர்களில (சிஐ வேலை ஓடுற மெஷின்கள்) கேவிஎம்மைத் திறந்தது. 2024 ஏப்ரலில சாதாரண லினக்ஸ் ரன்னருக்கும் வந்திட்டுது. பாய்ஞ்சு போய் மாத்தினன். திரும்பவும் மாட்டு வண்டில்! இந்த முறை சாதனம் இருக்கு, தொட அனுமதி இல்ல. கேவிஎம் குழுவில யூசரைச் சேர்த்துப் பார்த்தன், சரிவரேல்ல. ஓடிக்கொண்டிருக்கிற செஷன் பழைய குழுக்களோடதான் ஓடும், திரும்ப லொகின் பண்ண சிஐயில எங்க வழி? யூடெவ் (லினக்ஸில சாதனங்களைக் கவனிக்கிற பகுதி) விதி ஒண்டு எழுதி அந்தச் சாதனத்துக்கு 0666, அதாவது எல்லாரும் வாசிக்கலாம் எழுதலாம் எண்ட அனுமதி, குடுத்த பிறகுதான் ஐந்து நிமிசத்துக்கு வந்தது.

இப்ப ஸ்கிரிப்டின்ர முதல் வரியே கேவிஎம்மில எழுதேலுமா எண்டு பார்க்கிறதுதான். ஏலாட்டி அந்த இடத்திலயே நிண்டிடும், டிசிஜி எண்ட பேச்சே இல்ல.

பம்பலப்பிட்டி பஸ் ஸ்டாண்ட்

அண்ணா, எங்களுக்கு இதே கதை ஆண்ட்ராய்ட்ல. ஆப்பை டெஸ்ட் பண்ண ஃபோனை வீஎம்மா ஓட்டுற எமுலேட்டர் உங்க கியூஎமு மாதிரி நல்ல பிள்ளை இல்ல. எக்ஸ்86 (இன்டெல் வகை சிபியூ) இமேஜ்னா கேவிஎம் மாதிரி ஹார்ட்வெயார் முடுக்கம் வேணும்னு சொல்லிட்டு அப்பவே செத்துடும். ஒரு வகையில நல்லது, மூணு கிழமை மிச்சம் 🙂

அதனால நாங்க ரொம்ப நாள் மேக் ரன்னர்லதான் ஓட்டினோம். இன்டெல் மேக்ல முடுக்கம் கிடைச்சுது. ஆனா ஒரு நிமிஷம் ஓடினா பத்து நிமிஷமா கணக்கு வச்சாங்க. மாசம் 2000 இலவச நிமிஷம்னா மேக்ல 200தான். 20ஆம் திகதிக்குப் பிறகு யாரும் புல் ரிக்வெஸ்ட் (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கிறது, போட்டா சிஐ ஓடும்) போடக் கூடாதுன்னு சட்டமே இருந்துச்சு எங்க டீம்ல.

பிறகு ஒரு நாள் காலைல எல்லாமே சிவப்பு, எல்லா டெஸ்டும் ஃபெயில். சிஐக்கு அமைப்பு எழுதற யம்ல் ஃபைல்ல மேக் பதிப்பை எண்ணா எழுதாம ‘லேட்டஸ்ட்’னு விட்டிருந்தோம், அது ஆப்பிள் சிப் மெஷினுக்கு மாறியிருந்துச்சு. அந்த மெஷினும் ஒரு வீஎம். எம்1, எம்2 சிப்ல வீஎம்முக்குள்ள வீஎம் ஓடாது, எம்3யும் மேக்ஓஎஸ் 15உம் சேர்ந்தாத்தான் உண்டு. அது தெரியாம நான் ஜாவா பதிப்பை மாத்தி மாத்திப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை அதோட போச்சு.

இப்ப லினக்ஸ்லதான், உங்க யூடெவ் விதியேதான்.

கொட்டாஞ்சேனை சி

டிசிஜியை இப்படித் திட்டாதீர்கள். எனக்கு அது இல்லாமல் வேலை நடக்காது.

ஒரு சி நூலகம் பராமரிக்கிறேன். கோப்பில் எழுதும் எண்களின் பைட் வரிசை சரியா என்று பார்க்க, பெரிய பைட் முன்னால் வரும் சிபியூ ஒன்று வேண்டும். ஐபிஎம் மெயின்பிரேமின் எஸ்390எக்ஸ் அப்படிப்பட்டது. அதை நான் கொழும்பில் எங்கே போய்த் தேடுவது? கேவிஎம் இங்கே உதவாது, அது சொந்த சிபியூ வகையை மட்டுமே ஓட்டும். முழு வீஎம்மும் எனக்குத் தேவையில்லை. கியூஎமுவின் யூசர் மோடில் எஸ்390எக்ஸுக்குக் கம்பைல் செய்த டெஸ்ட் நிரலை நேரே ஓட்டுகிறேன். பூட் கிடையாது, காத்திருப்பும் கிடையாது. மெதுவாகத்தான் ஓடும், ஆனால் 300 டெஸ்டுக்கு அது போதும். இரண்டு பிழைகள் அதில்தான் அகப்பட்டன.

லினக்ஸ் அல்லாத வேறொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டிக்கு மட்டும் முழு வீஎம். அதற்கு நீங்கள் சொன்ன கேவிஎம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

ஒழுங்கைக்காரன், வெள்ளவத்தை

சரியண்ணை, திட்டினதை வாபஸ் வாங்குறன். வேற சிபியூவுக்கு டிசிஜிதான் வழி. சொல்லாமல் கொள்ளாமல் அதுக்கு மாறினதுதான் என்னைச் சாகடிச்சது. சொல்லாமல் எண்டும் இல்ல, சொல்லித்தான் இருக்கு, நான்தான் வாசிக்கேல்ல.

பம்பலப்பிட்டி பஸ் ஸ்டாண்ட்

அண்ணா, அந்த ஸ்லீப் எல்லாம் எடுத்தாச்சா?

ஒழுங்கைக்காரன், வெள்ளவத்தை

ஒண்டைத் தவிர எல்லாம் எடுத்திட்டன் தங்கச்சி. அதை எடுத்தா கேவிஎம்மிலயும் இருபதில ஒருக்கா ஃபெயில் ஆகுது. ஃபயர்வோல் எழும்ப முதல் டிஎச்சிபி ஐபி குடுக்கத் தொடங்குது. அது எங்கட கோடின்ர பிழைதான், இண்டைக்கு இரவு இருந்து பார்க்க வேணும்.